செவியின் சாட்சி

ஒரே வலு, ஒரே திரிபளவு, ஒரே மீடிறன் எல்லை என்று கடுதாசியில் எழுதப்பட்ட இரண்டு ஒலி விரியலாக்கிகள், கேட்பவன் செவியில் வேறு வேறாக ஒலிக்குமா? சங்கீதப் பிரியர்களும் மின்னியல் அறிஞர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடிவரும் விடயம் இது. விரியலாக்கி என்பது பாடப்புத்தகச் சொல். நம் வீடுகளில் அம்பிளிபயர் என்றால்தான் விளங்கும். ஒலிவாங்கியிலிருந்தோ இறுவட்டிலிருந்தோ வரும் மெல்லிய மின்துடிப்பை, ஒலிபெருக்கியை அசைக்கக்கூடிய அளவுக்கு வளர்த்துக் கொடுப்பது அதன் தொழில். வேறு தொழில் அதற்கு இல்லை. வந்ததை வந்தபடியே பெரிதாக்க வேண்டும். தன் சரக்கைச் சேர்க்கவும் கூடாது, பிறர் சரக்கைத் திருடவும் கூடாது. அங்ஙனமாயின் நேர்மையான இரண்டு பெட்டிகளுக்கிடையே வேறுபாடு எங்கிருந்து வரும் என்று ஒரு சாரார் கேட்பர். என் காதுக்குக் கேட்கிறதே, அதற்கு என்ன விடை என்று மறு சாரார் கேட்பர்.

கல்லூரியில் பௌதிகவியல் படிப்பிக்கும் எனக்கு இவ்வழக்கு நெடுங்காலம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. அதனைக் கறிக்கு உதவச் செய்தவர்கள், திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் பகுதிக் கோயிலொன்றின் பரிபாலன சபையார்.

கோயில் மண்டபத்தில் வெள்ளிதோறும் பண்ணிசையும், நவராத்திரியில் கச்சேரியும் நடைபெறுவதுண்டு. அங்கிருந்த பழைய அம்பிளிபயர், உப்புக் காற்றினால் உட்புறமெல்லாம் பச்சைக் களிம்பேறி ஒருநாள் வாய்மூடிவிட்டது. புதியது வாங்க இரண்டு விலைக்கூறுகள் வந்தன. ஒன்று 68,000 ரூபா. மற்றது 2,40,000 ரூபா. இரண்டுமே 8 ஓம் ஒலிபெருக்கிக்கு நூறு வாற்று கொடுப்பன. இரண்டிலும் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை ஒரே சமநிலை. திரிபு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடுதாசியில் இரட்டைப் பிள்ளைகள். விலையிலோ 1,72,000 ரூபா வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தை வெறும் எண்ணாக எண்ணிவிடலாகாது. சேர்ந்திருந்த பணம் சந்தைக் கடைக்காரரும், வலை இழுத்து வாழ்பவரும், கடல் கடந்து போன பிள்ளைகளும் கொடுத்தது. மண்டபத்தின் பின்புறத்தில் அறநெறிப் பாடசாலை நடக்கும் கொட்டகையின் கூரைத் தகடுகள் துருப்பிடித்து, வாடைக்கால மழைக்குப் பிள்ளைகள் புத்தகத்தைத் தலைமேற் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை நகர்வர். அந்தக் கூரையை மாற்ற ஏறத்தாழ அந்தத் தொகையே தேவைப்பட்டது.

சபைத் தலைவர் கொழும்பிலே இரண்டையும் கேட்டுவிட்டு வந்திருந்தார். பெரிய பெட்டிதான் வேண்டும் என்பது அவர் முடிவு. “மலிவுப் பெட்டியிலை மிருதங்கம் தகரம் மாதிரிக் கேக்குது. மற்றதிலை உயிரோடை பேசுது. சுவாமிக்குச் செய்யிறதிலை கணக்குப் பாக்கலாமோ?” என்றார். அவரை மறுக்க ஒருவருக்கும் மனமில்லை. கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தானே.

மறுத்தவர் ஒரு முதியவர். எண்பதை எட்டிக்கொண்டிருப்பவர். அவருடைய தந்தையார், பிரித்தானியக் கடற்படை இங்கிருந்த காலத்தில் அதன் பட்டறையொன்றில் வேலை பார்த்தவர். 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபின், கற்ற தொழிலைக் கொண்டு உட்துறைமுகப் பக்கம் வானொலி திருத்தும் சிறிய கடையொன்றை வைத்தார். மகன் அக்கடையிலேயே வளர்ந்து, அதனையே தாமும் நடத்தி, பின்னர் மூடியவர். பழைய ரேடியோகிராம் ஒன்றின் உறுப்புகளைக் கொண்டு தந்தையார் ஆக்கிய வால்வு அம்பிளிபயர் இன்றும் அவர் வீட்டில் உண்டு. மாலை நேரத்தில் அது செந்தணலாய் மினுங்கக் கேட்பதே அவருக்குப் பூசை. அவர் சபையில் சொன்னது இதுதான்: “ரெண்டும் சரியில்லை. திரான்சிற்றர் எல்லாம் ஒரே சாதி. வால்விலை பாடினால்தான் பாட்டு.”

ஆக, மூன்று கட்சிகள். பெரிய பெட்டி என்பார் ஒருவர். எல்லாம் ஒன்று என்பார் சிலர். இரண்டுமே வீண் என்பார் முதியவர். “சேர், நீங்கள் படிச்சதைக் கொண்டு ஒரு முடிவு சொல்லுங்கோ” என்று என்னிடம் வந்தனர். சபையாருக்குப் பட்டத்தைக் காட்டித் தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. காதைப் பற்றிய வழக்கைக் காதினால்தான் தீர்க்க வேண்டும். ஆனால் காதைக் குறுக்கு விசாரணை செய்யும் முறை ஒன்று உண்டு.

இதனைப் பிறர் எவ்வாறு செய்தனர் என்பதை முதலிற் கூறவேண்டும். 1950 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் என்னும் இருவர், செவிப் பரிசோதனைக்குரிய ஒழுங்கொன்றை வகுத்து வெளியிட்டனர். அதன் வழிவந்த முறை இன்று ஒலித்துறை எங்கும் வழங்குகிறது. முதலில் ‘அ’ என்னும் ஒலியைக் கேட்பிப்பர். பின்னர் ‘ஆ’ என்பதை. மூன்றாவதாக, அவ்விரண்டில் ஒன்றை, இன்னதென்று சொல்லாமல் கேட்பிப்பர். கேட்பவர் அது அகரமா ஆகாரமா என்று கூறவேண்டும். கண்ணுக்குப் பெட்டி தெரியாது. காதுக்குப் பெயர் தெரியாது. பலமுறை இப்படிச் செய்து, சரியான விடைகளை எண்ணினால், கேட்டவர் கேட்டுச் சொன்னாரா, குத்துமதிப்பிற் சொன்னாரா என்பது வெளியாகிவிடும்.

இங்கிலாந்தின் குவாட் தொழிலகம் 1953 இல் ஒரு வால்வுப் பெட்டியையும், 1967 இலும் 1975 இலும் இரண்டு திரான்சிற்றர்ப் பெட்டிகளையும் வெளியிட்டது. 1978 இல் இம்மூன்றையும் பழகிய செவியுடையோருக்கு மறைவாகக் கேட்பித்தபோது அவர்களால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியவில்லை. 1987 இல் ‘ஸ்டீரியோ ரிவியூ’ என்னும் அமெரிக்கச் சஞ்சிகை, சில நூறு டொலர்ப் பெட்டி முதல் 12,000 டொலர்ப் பெட்டி வரை சேர்த்து அவ்வாறே செய்தது. வேறுபாடு உண்டு என்று உறுதியாக நம்பியவர்களும் கேட்போர் வரிசையில் இருந்தனர். விடைகள் நாணயம் சுண்டிப் பார்த்ததற்கு ஒப்பாகவே வந்தன. ரிச்சட் கிளாக் என்னும் ஒலிப் பொறியியலார் இன்னும் ஒருபடி மேலே சென்று, தம் நிபந்தனைகளின்படி பிரித்துக் காட்டுவோருக்குப் பத்தாயிரம் டொலர் தருவதாக அறிவித்தார். ஆண்டுகள் பல சென்றும், முயன்றவர் மிகப் பலராயிருந்தும், பணம் அவரிடமே இருந்தது.

இச்சோதனைகள் எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை முதலிடம் பெறுகிறது. இரண்டு பெட்டிகளின் ஒலியளவும் மயிரிழை பிசகாமல் சமமாயிருக்க வேண்டும். ஏன் என்று வினவலாம். ஒரு தெசிபெலுக்கும் குறைந்த வேறுபாட்டை, ‘இது சற்று உரத்துக் கேட்கிறது’ என்று செவி அறிவிப்பதில்லை. ‘இது தெளிவாயிருக்கிறது, இதில் உயிர் இருக்கிறது’ என்றே அறிவிக்கும். கடையிலே இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் போடும்போது, ஒன்றின் குமிழ் சிறிதே கூடத் திருப்பப்பட்டிருந்தால் அதுவே வெற்றி பெறும். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஏமாற்றம் தானே நிகழும்.

சபையாரின் சம்மதத்தோடு இரண்டு பெட்டிகளையும் சில நாளுக்குத் தருவித்தோம். முதியவர் தம் வால்வுப் பெட்டியைப் பட்டுத்துணியில் மூடி முச்சக்கர வண்டியில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஒரு மாற்று ஆளியைச் செய்தனர். ஒலிபெருக்கிகள் மண்டபத்தில், பெட்டிகளும் மாணவரும் சேலைத் திரைக்குப் பின்னால். 400 ஹேர்ட்ஸ் ஒலியொன்றைச் செலுத்தி, ஒலிபெருக்கியின் முனைகளில் பல்மானியை வைத்து, மூன்று பெட்டிகளின் அழுத்தத்தையும் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிசகாதபடி சமப்படுத்தினோம். தெசிபெல் கணக்கில் அது பத்தில் ஒன்றுக்குக் குறைவு. வால்வுப் பெட்டிக்கு ஐந்து வாற்றுக்கு மேல் வலு இல்லை. ஆகவே எல்லாவற்றையும் தாழ்ந்த ஒலியிலேயே கேட்டோம். ஐந்து வாற்று என்றதும் சிரிக்க வேண்டாம். வீட்டுக் கூடத்தில் நாம் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது ஒலிபெருக்கிக்குள் செல்வது பெரும்பாலும் ஒரு வாற்றுக்கும் குறைவுதான்.

மூன்றாவது ஒலி எதுவாயிருக்க வேண்டும் என்பதை மாணவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டித் தீர்மானிப்பார். கேட்பவர் எத்தனை தரமும் மாற்றிக் கேட்கலாம். எவ்வளவு நேரமும் எடுக்கலாம். ஒருவருக்குப் பதினாறு முறை. பன்னிரண்டு சரி என்றால் அவர் கேட்கிறார் என்று ஏற்றுக்கொள்வது. கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்பவன் பதினாறில் பன்னிரண்டோ அதற்கு மேலோ பெறும் வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் சற்றுக் குறைவு. (நிகழ்தகவு படிக்கும் மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம், 65,536 இல் 2,517.)

சோதனைக்கு முன்னிரவு எனக்கு நல்ல உறக்கமில்லை. பெட்டிகளைப் பற்றிய கவலை அன்று. ஒரு மனிதர் தம் ஆயுள் முழுவதும் தம் செவியை நம்பிச் சோறு உண்டிருக்கிறார். ஊர்ப் பிள்ளைகளின் முன்னிலையில் அந்தச் செவியைக் கூண்டில் ஏற்றப் போகிறோம். வயது முதிர முதிர உச்சமான சுரங்கள் செவியை விட்டு விலகுவது இயற்கை. தோற்றால் அந்த வீட்டில் மாலைப் பூசை இனி எப்படி நடக்கும்? காலையில் அவரைத் தனியே அழைத்து, “ஐயா, நீங்கள் கேட்கத்தான் வேண்டுமென்றில்லை” என்று சொல்லிப் பார்த்தேன். “தம்பி, பயந்தது நீங்களோ நானோ?” என்று கேட்டுவிட்டு அவர் போய் முதல் வரிசையில் அமர்ந்துகொண்டார்.

முதலில் 68,000 ரூபாப் பெட்டியும் 2,40,000 ரூபாப் பெட்டியும். தலைவர் பதினாறில் ஏழு சரியாகச் சொன்னார். சங்கீத ஆசிரியை ஒருவர் பத்து. முதியவர் ஒன்பது. மற்றவர்களும் இந்த எல்லைக்குள்ளேயே. பன்னிரண்டை ஒருவரும் எட்டவில்லை. மிருதங்கத்தின் உயிர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைத் திரை மறைத்துவிட்டது.

பிற்பகலில் வால்வுப் பெட்டியை மலிவுப் பெட்டியோடு வைத்தோம். முதியவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கவில்லை. பதினாறுக்குப் பதினாறு. திரைக்குப் பின்னிருந்து மாணவன் எண்ணிக்கையை அறிவித்தபோது அவன் குரலே சற்று நடுங்கியது. சங்கீத ஆசிரியைக்குப் பதினான்கு. மண்டபம் ஆரவாரித்தது. “இப்ப என்ன சொல்லுறியள்?” என்பதுபோலத் தலைவர் என்னைப் பார்த்தார். பெட்டிகளுக்குள் வேறுபாடே இல்லை என்று அடித்துப் பேசியவர்கள் மெல்லத் தேநீர்ப் பக்கம் நகர்ந்தனர்.

இந்த இடத்தில்தான் விடயம் சுவையாகிறது. வேறுபாடு உண்டு, ஆனால் அது எதன் வேறுபாடு?

ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மின்கலத்தின் அகத்தடையைப் படித்திருப்பர். பழைய மின்கலத்தில் சிறிய மின்குமிழைப் பொருத்தினால் எரியும். பெரிய குமிழைப் பொருத்தினால் மங்கும். மின்கலத்துக்குள் மறைந்திருக்கும் தடை, அழுத்தத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடுவதே காரணம். அம்பிளிபயருக்கும் அத்தகைய அகத்தடை உண்டு. நல்ல திரான்சிற்றர்ப் பெட்டிகளில் அது ஓமில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். வெளிவரும் சைகையின் ஒரு பகுதியை மீண்டும் உட்புகுத்திப் பிழை திருத்தும் பின்னூட்டல் என்னும் உபாயத்தால் அதனைக் குறைப்பர். பின்னூட்டல் மிகக் குறைந்த, ஒற்றை வால்வு கொண்ட பழைய பெட்டிகளில் அது பல ஓம் வரை உயரும்.

உயர்ந்தால் என்ன என்று கேட்கலாம். 8 ஓம் என்று முதுகில் எழுதப்பட்ட ஒலிபெருக்கி உண்மையில் எல்லாச் சுரத்துக்கும் 8 ஓமாய் இருப்பதில்லை. நடுச் சுரங்களில் 6 ஓமுக்கு இறங்கும். அதன் கூம்பு இயல்பாகவே துள்ளி அதிரும் மந்தர நிலையில் 40 ஓமுக்கும் ஏறும். பெட்டியின் அகத்தடை 4 ஓமாயின், நடுச் சுரத்தில் பத்தில் ஆறு பங்கு அழுத்தமே ஒலிபெருக்கிக்குக் கிடைக்கும். மந்தரத்திலோ பத்தில் ஒன்பதுக்கு மேல். கணக்கிட்டால் மந்தர ஒலி மூன்றரை தெசிபெல் தூக்கி நிற்கும். இது எவர் காதுக்கும் எட்டும் அளவு. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கொழுத்து, தம்பூரா நெஞ்சுக்குள் இறங்கி, பாட்டு முழுவதற்கும் ஒரு வெதுவெதுப்பு வந்துவிடும். அகத்தடை பத்தில் ஒரு ஓமாயின் அதே வேறுபாடு தெசிபெலில் பத்தில் ஒன்றைச் சிறிதே தாண்டும், ஒருவருக்கும் கேளாது. 1978 இல் குவாட் நிறுவனத்தின் வால்வுப் பெட்டியை எவரும் பிரித்தறியாமைக்கும் காரணம் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது: அது பின்னூட்டல் நன்கு அமைந்த பெட்டி. வால்வு என்பதற்காக மாத்திரம் ஒன்று இனிப்பதில்லை.

முதியவரின் பெட்டிக்கு விளம்பரக் கடுதாசி ஏது? மாணவர்கள் அளந்தனர். ஒலிபெருக்கியை அகற்றிவிட்டு வெறும் முனைகளில் 3 வோல்ற்று வரும்படி ஒலியைச் செலுத்தினர். பின்னர் 8 ஓம் தடையொன்றைப் பொருத்த, அழுத்தம் 2 வோல்ற்றுக்கு இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே விழுங்கப்பட்டது. ஆகவே அகத்தடை 4 ஓம். விலைக்கூறுகளில் வலுவும் திரிபும் மீடிறனும் இருந்தன. இந்த எண் அவற்றில் இல்லை. ‘அளவுகள் ஒத்த பெட்டிகள்’ என்று நாம் சொல்லும்போது, அச்சிட்ட அளவுகள் ஒத்தவை என்றே பெரும்பாலும் பொருள்.

அமெரிக்காவில் பொப் கார்வர் என்னும் பொறியியலார் 1985 இல் இதே வழியில் ஒரு சாகசம் புரிந்தார். ‘ஸ்டீரியோபைல்’ சஞ்சிகையின் ஆசிரியர்கள் தெரிந்த விலையுயர்ந்த பெட்டியொன்றைப் போலவே தம் மலிவான பெட்டியை ஒலிக்கச் செய்வதாகச் சவால் விட்டு, இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறக்குறைய இல்லாதபடி திருத்தினார். ஆசிரியர்களால் பின்னர் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. எங்கள் மாணவர் ஒருவர் இக்கதையை அறிந்திருந்தார். “சேர், நாங்களும் செய்து பார்ப்பமே?” என்றார்.

மலிவுத் திரான்சிற்றர்ப் பெட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் 4 ஓம் தடையொன்றைத் தொடராகச் சேர்த்தனர். வெள்ளைச் சீமெந்துக் கட்டி போன்ற சிறிய தடை. ஒரு தேநீரும் வடையும் அதைவிட விலை கூடும். ஒலியளவை மீண்டும் சமப்படுத்தினர். முதியவருக்கு இன்னது செய்தோம் என்று சொல்லவில்லை. பழைய நாதஸ்வர ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டதும் அவர் சற்று முன்சாய்ந்து கேட்டார். “இது என்ரை பெட்டி” என்றார். அது அவருடைய பெட்டியன்று. பதினாறு முறை சோதித்தபோது இம்முறை அவருக்கு ஏழே சரியாயின.

திரையை விலக்கி உண்மையைச் சொன்னோம். அவர் எழுந்து வந்து அந்தத் தடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது இன்னும் சூடாயிருந்தது. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு, “அப்ப என்ரை காது பொய் சொல்லேல்லை” என்றார். இல்லை என்றேன். “பேரைத்தான் மாத்திச் சொல்லிப்போட்டுது” என்றார். ஒலியியலாளர் பலர் ஏடு ஏடாக எழுதியதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவரை நான் கண்டதில்லை.

எங்களூர் இந்துக் கல்லூரியோடு தொடர்புடையவராய் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், தமிழ்ப் பண்டிதராயும் விஞ்ஞானப் பட்டதாரியாயும் இருந்தவர். 1947 இல் அரங்கேறிய அவருடைய ‘யாழ் நூல்’, வழக்கொழிந்த யாழ்களின் சுரங்களைக் கணிதத்தால் தேடுகிறது. செவிக்கு இனியது எதுவோ அதற்கு ஓர் எண் உண்டு. எண்ணைக் கண்டதால் இனிமை குறைந்துவிடாது என்னும் துணிவோடு எழுதப்பட்ட நூல் அது. அம்பிளிபயர் விற்பவர்களும் வாங்குபவர்களும் இத்துணிவில் ஒரு சிறு பங்கையாவது பெற்றால் நல்லது. எண்ணென்றால் எந்த எண்ணையும் நம்புவதும் தவறு. சிறிய இசைப் பெட்டிகளின் முகப்பில் மூவாயிரம் வாற்று, ஐயாயிரம் வாற்று என்று பொன்னெழுத்தில் பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். பெட்டியைத் திருப்பி, மின்சாரம் எவ்வளவு எடுக்கும் என்று பின்தகட்டிற் பாருங்கள். நூறு வாற்றைத் தாண்டாது. அறுபது வாற்றை உண்டு மூவாயிரம் வாற்றை உமிழும் அட்சய பாத்திரத்தைப் பௌதிகவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. திருவிழாக் காலத்தில் கூம்பு ஒலிபெருக்கிகள் கரகரத்து அலறுவதும் இதனாலேயே. பெட்டியால் இயலாத வலுவை அதனிடம் கேட்கும்போது அலையின் தலை வெட்டுண்டு போகிறது. அந்த நிலையில் இரண்டு பெட்டிகள் வேறு வேறாக ஒலிக்கும் என்பதை நான் மறுக்கவே மாட்டேன்.

தலைவரின் குறை ஒன்று எஞ்சியிருந்தது. மண்டபத்தில் பாட்டுத் தெளிவாயில்லை என்பது மெய்தான். அதற்குக் காரணம் அம்பிளிபயர் அன்று, மண்டபமே. நாற்புறமும் சீமெந்துச் சுவர், மேலே தகரம், கீழே ஓடு. ஒரு கைதட்டல் அடங்கச் செக்கன்கள் பல செல்லும். 1895 இல் ஹாவட் பல்கலைக்கழகத்தில் விரிவுரை மண்டபமொன்றில் பேச்சு விளங்கவில்லை என்று முறையிட்டபோது, வொலஸ் சபின் என்னும் இளம் பௌதிக ஆசிரியர் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிரவாகக் காவி வந்து பரப்பி, எதிரொலி அடங்கும் காலம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்னும் துறை அந்த மெத்தைகளில் பிறந்தது. நாங்கள் மெத்தைக்கு எங்கே போவது? பக்கச் சுவர்களில் தடித்த திரைகளைத் தொங்கவிட்டு, தும்புப் பாய்களை விரித்து, ஒலிபெருக்கிகளைச் சுவர் மூலையிலிருந்து முன்னே நகர்த்தினோம். அன்று மாலைத் தேவாரத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே விளங்கிற்று. அதற்குத் திரையும் வேண்டியிருக்கவில்லை, நாணயமும் வேண்டியிருக்கவில்லை.

சபை கூடி 68,000 ரூபாப் பெட்டியையே வாங்குவதென முடிவு செய்தது. உப்புக் காற்றுக்குப் புகாதபடி அதற்கு ஒரு கண்ணாடி அலுமாரியும், ஆண்டுக்கு இருமுறை முனைகளைத் துடைப்பதற்கு ஓர் ஆளும் ஒழுங்காயின. எஞ்சிய பணம் அறநெறிப் பாடசாலைக் கூரைக்குப் போயிற்று. தலைவர் இணங்கினாரேயன்றி இசைந்தாரில்லை. “திரைக்குப் பின்னாலை உங்கடை பிள்ளையள் என்ன செய்தவங்களோ!” என்று என்னைக் காணும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்கிறார். வேண்டுமானால் இன்னொரு முறை, அவர் குறிக்கும் நாளில், அவர் நியமிக்கும் ஆளையே திரைக்குப் பின்னால் இருத்திச் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் நாள் குறிக்கவில்லை.

முதியவர் மறுவாரம் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு வந்தார். கையில் இரண்டு தேங்காய், மாணவர்களுக்கு ஆளுக்கொன்று. அவர்களிடம் இரண்டு காரியங்கள் கேட்டார். ஒன்று, தம் பேரப்பிள்ளை வைத்திருக்கும் புதிய அம்பிளிபயருக்கு அந்தத் தடையொன்றைப் பொருத்திக் கொடுக்க வேண்டும். கொழும்பில் இருக்கும் அவன் தன் பாட்டனாரின் வீட்டு ஒலியை அங்கேயும் கேட்கட்டும். மற்றது, தம் பழைய பெட்டியின் அடித்தகட்டில், தந்தையார் தம் கையால் ஆண்டைக் கீறி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், ‘அகத்தடை 4 ஓம்’ என்று பொறித்துத் தர வேண்டும். மாணவன் கூரிய ஊசியால் மெதுவாகப் பொறித்தான். முதியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதனை இருமுறை வாசித்தார். பெட்டியைப் பட்டுத்துணியில் மூடி, முச்சக்கர வண்டியை அழைக்கச் சொன்னார்.